கிரியாட்டினின் ஏறியதென்று மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் பர்மாவில் பெகு பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு 54 வயது. 11 வருடமாகச் சர்க்கரை, பிரஷரும் உண்டு. மூத்திரம் நுரைத்துப் போகிறதே என்று டெஸ்ட் எடுத்ததில் புரதம் போகிறது என்றார்கள். லோசார்டான் என்ற பிரஷர் மாத்திரை கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து ரத்தம் பார்த்தால் 1.3 இருந்த கிரியாட்டினின் 1.5 ஆகிவிட்டது. மாத்திரைதான் கிட்னியைத் தின்கிறது என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்ல, இவர் நிறுத்திவிட்டார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் மறுபடி 1.3! அப்படியென்றால் மாத்திரைதானே காரணம்? புரதம் போவதை ஈடுகட்ட தினம் நாலு முட்டையும் புரோட்டீன் பவுடரும் கொடுக்கிறேன், சரியா? சின்ன வயதில் வயலில் விரியன் கடித்து, பத்து நாள் மூத்திரம் போகாமல் கிடந்து பிழைத்தவர். முட்டிவலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போடுவார், மற்றபடி கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. டயாலிசிஸ் வரை போய்விடுமா? மூன்று ரிப்போர்ட்டின் நகலும் வைத்திருக்கிறேன். நான் சொன்னால் கேட்கமாட்டார். நீங்கள் எழுதினால் படித்துக் காட்டுவேன்.

பதில்:

அன்புள்ள அம்மா,

மூன்று ரிப்போர்ட்டையும் மேஜையில் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். மூன்றிலும் கிரியாட்டினினை, அதாவது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு ரத்தத்தில் எவ்வளவு என்ற எண்ணைச் சுற்றி, யாரோ சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறார்கள். மகனாக இருக்கும். அதற்கு நாலு வரி கீழே இன்னொரு எண் இருக்கிறது, மூத்திரத்தில் ஆல்புமின் என்ற புரதம் எவ்வளவு என்பது. மாத்திரை ஆரம்பிக்கும் முன் 780. மாத்திரை போட்ட மூன்றாவது வாரம் 460. நிறுத்திய பிறகு 910. அந்த வரியைச் சுற்றி வட்டமும் இல்லை, ஒரு கோடும் இல்லை.

“மாத்திரைதானே காரணம்?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், மாத்திரைதான் காரணம். கிரியாட்டினின் 0.2 ஏறியதற்கும் அதுதான் காரணம், ஆல்புமின் 780-லிருந்து 460-க்கு இறங்கியதற்கும் அதுதான் காரணம். இரண்டும் ஒரே வேலையின் இரண்டு பக்கம். ஒன்றை மட்டும் பார்த்ததால்தான் உங்கள் சொந்தக்காரருக்கு மாத்திரை எதிரியாகத் தெரிந்திருக்கிறது.

தண்ணீர்த் திருவிழாவில் ரப்பர் குழாய் பிடித்திருப்பீர்கள். பையன்கள் என்ன செய்வார்கள்? தண்ணீர் தூரமாகப் பாய வேண்டும் என்று குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைப்பார்கள். குழாய்க்குள் அழுத்தம் ஏறும். புதுக் குழாய் என்றால் பரவாயில்லை. பழைய குழாயாக இருந்தால் அங்கங்கே இருக்கும் ஊசித் துளைகள் வழியாகவும் தண்ணீர் சீறும். விரலைக் கொஞ்சம் தளர்த்தினால் அந்தச் சீறல் நிற்கும், ஆனால் தண்ணீர் முன்போல் தூரம் போகாது.

சிறுநீரகத்தில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பின்னிப் பிணைந்த ரத்தக்குழாய் முடிச்சு. ரத்தம் ஒரு வழியாக உள்ளே வந்து இன்னொரு வழியாக வெளியே போகும். வெளியே போகும் வாயில் ஆஞ்சியோடென்சின் என்ற பொருள் விரல் வைத்து நெருக்கிப் பிடித்திருக்கும். சர்க்கரை வந்தவருக்கு உள்ளே வரும் வழி விரிந்து போகிறது, வெளியேறும் வழி நெருங்குகிறது. நடுவில் அழுத்தம் ஏறுகிறது. பல வருடம் அப்படியே இருந்தால் வடிகட்டியின் சுவரில் துளை விழுந்து, ரத்தத்திலேயே இருக்க வேண்டிய ஆல்புமின் மூத்திரத்தோடு போய்விடும். நீங்கள் பார்த்த நுரை அதுதான்.

லோசார்டான் அந்த விரலைத் தளர்த்துகிறது. அழுத்தம் இறங்கும், ஆல்புமின் ஒழுகுவது குறையும். கூடவே ஒரு நாளில் வடிகட்டும் அளவும் கொஞ்சம் குறையும், அதனால் ரத்தத்தில் கிரியாட்டினின் சற்று ஏறும். இந்த மாத்திரை ஆரம்பித்த முதல் நாலு வாரத்தில் கிரியாட்டினின் 30 சதவீதம் வரை ஏறினால் மாத்திரையைத் தொடர வேண்டும் என்பதுதான் இன்று உலகம் முழுக்கச் சிறுநீரக மருத்துவர்கள் கைக்கொள்ளும் விதி. உங்கள் வீட்டுக்காரருக்கு ஏறியது 15 சதவீதம். 1.3-லிருந்து 30 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 1.7. அதைத் தாண்டினால் வேறு காரணம் தேட வேண்டும்: உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கிறதா, வலிமாத்திரை போடுகிறாரா, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறதா என்று. 1.5-க்கு நிறுத்தியிருக்கவே வேண்டாம்.

இதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாத்திரையை எழுதிக் கொடுத்தவர் “மூன்று வாரத்தில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும், பயப்படாதீர்கள்” என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. நானும் தொழிலுக்கு வந்த புதிதில் கிரியாட்டினின் ஏறியதைக் கண்டு பதறி இதே வகை மாத்திரைகளை நிறுத்தியவன்தான். 2001-இல் லோசார்டான் ஆய்வின் முடிவுகள் வந்தன. சர்க்கரையும் மூத்திரப் புரதமும் உள்ள 1513 பேரை மூன்று வருடத்துக்கும் மேல் கவனித்த ஆய்வு அது. மாத்திரை போட்டவர்களில் டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகம் தேவைப்படும் நிலைக்குப் போகும் ஆபத்து 28 சதவீதம் குறைந்திருந்தது. அதைப் படித்த பிறகு, நான் நிறுத்தச் சொன்ன சிலரின் முகம் பல நாள் கண்ணுக்குள்ளேயே நின்றது.

ஆல்புமின் அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்கும், ஒரே ஆளுக்கே அடுத்தடுத்த நாளில் கணிசமாக வித்தியாசம் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 780 அடுத்த வாரம் 700 ஆனால் அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை. ஆனால் மாத்திரையோடு 460, மாத்திரை இல்லாமல் 910 என்பது அந்த மாதிரி ஏற்ற இறக்கம் இல்லை. 30-க்குக் கீழே இருந்தால் சரி. 30 முதல் 300 வரை எச்சரிக்கை. 300-க்கு மேல் போனால் நோய் வேகமாக நகரக்கூடிய கூட்டத்தில் இருக்கிறார் என்று அர்த்தம்.

வேகம் என்கிற விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், டயாலிசிஸ் பற்றிய உங்கள் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. 54 வயது ஆணுக்குக் கிரியாட்டினின் 1.3 என்றால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்குச் சுமார் 65 மில்லிலிட்டர். அது 15-க்குக் கீழே இறங்கும்போதுதான் டயாலிசிஸ் பேச்சே வரும், பலருக்கு 10-க்கும் கீழே போன பிறகுதான் ஆரம்பிப்போம். ஆக அவர் கையில் 50 புள்ளி இருக்கிறது. நாற்பது வயதுக்கு மேல் பெரும்பாலோருக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 1 புள்ளி இயல்பாகவே குறையும். புரதம் இந்த அளவு ஒழுகி, பிரஷரும் சர்க்கரையும் கட்டுக்கு வராமல் விட்டால் வருடத்துக்கு 5 புள்ளி, சிலருக்கு அதற்கு மேலும் போகும். 5 என்று வைத்துக்கொண்டால் 64 வயதில் டயாலிசிஸ் வாசலில் நிற்பார். ஒழுகலைக் குறைத்து அதையே 2 ஆக்கிவிட்டால் 79 வயதில். இது கணக்குதான், ஜோசியம் இல்லை. யாருக்கும் இவ்வளவு நேர்கோட்டில் இறங்காது. ஆனாலும் இன்றைக்கு 1.3 என்று சந்தோஷப்படுவதைவிட 910 என்று கவலைப்படுவதுதான் நியாயம் என்பது இந்தக் கணக்கில் தெரியும்.

ஒழுகிய புரதம் சும்மாவும் போவதில்லை. வடிகட்டிக்குக் கீழே இருக்கும் நுண்குழாய்கள் அதைத் திரும்ப உறிஞ்சப் பார்க்கும். அளவுக்கு மீறி வந்தால் அந்தச் செல்கள் திணறி, அழற்சி வந்து, சுற்றிலும் தழும்பு விழும். தழும்பு விழுந்த வடிகட்டி வேலைக்கு ஆகாது. அதன் வேலை மிச்சம் இருப்பவற்றின் தலையில் விழும், அங்கேயும் அழுத்தம் ஏறும், அங்கேயும் ஒழுகும். மூத்திரத்தில் புரதம் என்பது நோயின் அடையாளம் மட்டும் இல்லை, நோயைத் தள்ளிக்கொண்டு போவதும் அதுதான். 1827-இல் லண்டனில் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர், உடம்பு வீங்கி வந்த நோயாளிகளின் மூத்திரத்தைக் கரண்டியில் எடுத்து மெழுகுவத்தியில் காட்டினார். முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி அது திரண்டது. அவர்கள் இறந்த பிறகு அறுத்துப் பார்த்தால் சிறுநீரகம் சுருங்கி, முரடு தட்டிக் கிடந்தது. இன்று நாம் ஆயிரக்கணக்கில் சாட் (பர்மா பணம்) கொடுத்து எடுக்கும் டெஸ்டின் பாட்டன் அந்தக் கரண்டிதான்.

இனி விரியன் விஷயம். நீங்கள் அதைப் போகிற போக்கில் ஒரு வரியாக எழுதிவிட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அது. நம் பர்மா நெல்வயல்களில் அறுவடை நேரத்தில் கடிக்கும் கண்ணாடி விரியனின் விஷம் ரத்தத்தை உறைய வைத்து, பிறகு உறையவே விடாமல் செய்து, சிறுநீரகத்தை நேராகப் போய் அடிக்கும். பத்து நாள் மூத்திரம் வரவில்லை என்றால் அடி பலமானது. பிழைத்து எழுந்து, மூத்திரம் தாராளமாகப் போக ஆரம்பித்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் அன்றைக்குச் செத்த வடிகட்டிகள் திரும்ப முளைப்பதில்லை. இருபது லட்சத்தில் ஐந்து லட்சம் அன்றே போயிருந்தால், சர்க்கரை வந்தபோது சுமை முழுவதும் மிச்சத்தின் மேல் விழுந்திருக்கும். எவ்வளவு போனது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் டாக்டருக்கு இது தெரியவே தெரியாது என்று நினைக்கிறேன், அடுத்த முறை முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள். வயிறு ஸ்கேனில் இரண்டு சிறுநீரகத்தின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். விரியன் கடித்துப் பிழைத்த சிலருக்கு மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி சேதமாவதை 1987-இல் நம் நாட்டு நோயாளிகளை வைத்தே எழுதியிருக்கிறார்கள். எப்போதும் தீராத அசதி, உடம்பு முடி உதிர்தல், குளிர் தாங்காமை என்று ஏதாவது இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அதே நாளில் கண் டாக்டரையும் பார்த்துவிட்டு வரட்டும். சர்க்கரை சிறுநீரகத்தைப் பிடித்திருந்தால் பெரும்பாலும் கண்ணின் விழித்திரையையும் பிடித்திருக்கும். கண் சுத்தமாக இருந்தாலோ, மூத்திரத்தில் ரத்தச் செல்களும் தெரிந்தாலோ, புரதத்துக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும்.

முட்டைக்கு வருவோம். உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் கணக்கு உதைக்கிறது. 910 என்பது மில்லிகிராம் கணக்கு, ஒரு நாள் முழுக்க அவர் இழக்கும் ஆல்புமின் ஏறத்தாழ 1 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. ஆறில் ஒரு பங்கு முட்டை போனதற்கு நீங்கள் நாலு முட்டையும் டப்பா பவுடரும் கொடுக்கிறீர்கள்! அதிகப் புரதம் போனால் சிறுநீரகம் கூடுதலாக வடிகட்டும், உள்ளே அழுத்தம் இன்னும் ஏறும். பவுடரை இன்றே நிறுத்துங்கள். ஒரு கிலோ எடைக்கு 0.8 கிராம் போதும். 60 கிலோ ஆள் என்றால் ஒரு நாளைக்கு 48 கிராம். ஒரு முட்டை, ஒரு துண்டு மீன், பருப்பு, சோறு என்று சாதாரணமாகச் சாப்பிட்டாலே அது வந்துவிடும். பயந்துபோய்ப் பருப்பு, மீன் எல்லாவற்றையும் நிறுத்தி ஆளை இளைக்கவும் வைத்துவிடாதீர்கள். அதுவும் நடக்கிறது.

“மற்றபடி கெட்ட பழக்கம் இல்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா, அவருடைய கெட்ட பழக்கமே அந்த முட்டிவலி மாத்திரைதான். கடையில் நாலைந்து நிற மாத்திரையைக் கலந்து சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தருவார்களே, அதில் டைக்குளோஃபெனாக் போன்ற வலிமாத்திரை இருக்கும், பல சமயம் ஸ்டீராய்டும் இருக்கும். பெயரே இல்லாத உறை. அது சிறுநீரகத்துக்கு உள்ளே வரும் ரத்தக்குழாயை நெருக்கும். லோசார்டான் வெளியேறும் வழியைத் தளர்த்தும். இரண்டும் சேர்ந்து, சித்திரை வெயிலில் தண்ணீரும் வற்றினால், ஒரே வாரத்தில் கிரியாட்டினின் 4, 5 என்று போய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்டீராய்டு சர்க்கரையையும் ஏற்றிவிடும். முட்டிக்குப் பாராசிட்டமால், ஒத்தடம், தொடைத் தசைக்குப் பயிற்சி. அதற்கும் கேட்காவிட்டால் டாக்டரிடம் போகட்டும், கடைக்கு வேண்டாம்.

உப்பு. இதில் நம் சமையலறை தமிழும் பர்மாவும் சேர்ந்தது என்பதால் இரட்டை ஆபத்து. ஒரு பக்கம் கருவாடு, ஊறுகாய், அப்பளம்; இன்னொரு பக்கம் ஙப்பி என்ற உப்பு மீன் விழுது, மீன் சாஸ், அஜினோமோட்டோ. ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராம் உப்புக்குள் நிற்க வேண்டும். ஒரு மேஜைக்கரண்டி மீன் சாஸிலேயே 3 கிராமுக்கு மேல் போய்விடும். காலையில் கடையில் ஒரு மொய்ங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்), மத்தியானம் ஙப்பியைத் தொட்டுக்கொண்டு காய்கறி, ராத்திரி கருவாட்டுக் குழம்பு என்றால் எங்கே போய் நிற்கும்? உப்பு கூடினால் லோசார்டானின் வேலை வெகுவாகக் குறைந்துவிடும். புரதமும் சரியாக இறங்காது. “சோடியம் குறைந்த உப்பு” என்று விற்பதை வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கும், இந்த மாத்திரையோடு சேர்ந்தால் ஆபத்து. தன்யின்தீ கொட்டையையும் அவர் தொட வேண்டாம். அது நல்ல சிறுநீரகத்தையே ஒரே ராத்திரியில் படிகம் படிய வைத்து மூத்திரத்தை அடைக்கக்கூடியது.

இப்போது செய்ய வேண்டியது. டாக்டரிடம் போய், மூன்று ரிப்போர்ட்டையும் காட்டி, லோசார்டானை மறுபடி ஆரம்பிக்கலாமா என்று கேளுங்கள். ஆரம்பித்து இரண்டிலிருந்து நாலு வாரத்துக்குள் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். பிரஷர் 130-க்கு 80-க்குள் வர வேண்டும். டாப்பாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரைகள் இவருக்குப் பொருந்துமா என்றும் கேளுங்கள். சர்க்கரைக்கு வந்தவை இவை, ஆனால் சிறுநீரகம் கெடும் வேகத்தைக் கணிசமாகக் குறைப்பதாக 2019-க்குப் பிறகு வந்த பெரிய ஆய்வுகள் காட்டின. அதிலும் முதலில் கிரியாட்டினின் சற்று ஏறும், அங்கேயும் வடிகட்டிக்குள் அழுத்தம் இறங்குவதுதான் காரணம். வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் வந்தால் இந்த இரண்டு வகை மாத்திரையையும் டாக்டரைக் கேட்டு ஓரிரு நாள் நிறுத்தி வைக்க வேண்டும். தீமிதிக்கு விரதம் இருப்பவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இந்தப் புது மாத்திரையோடு பட்டினி கிடப்பது ஆபத்து. (சர்க்கரைக்காரர் தீயில் இறங்குவது பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அதைச் சொன்னால் அம்மனும் கோபிப்பாள், பக்தர்களும் கோபிப்பார்கள், விட்டுவிடுகிறேன்.)

மூத்திரம் கொடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. காலையில் எழுந்ததும் போகும் முதல் மூத்திரம், நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். காய்ச்சல் இருக்கும்போதும், முதல் நாள் மூட்டை தூக்கி உழைத்திருந்தாலும் வேண்டாம். பொய்யாகப் புரதம் காட்டும். டப்பாவை ஆய்வகத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவர் மீன் சாஸ் பாட்டிலைக் கழுவி அதில் கொண்டுவந்தார், மூடியைத் திறந்ததும் அறையில் இருந்த எல்லோரும் எழுந்துவிட்டோம்.

இனி வருவதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

ஐயா, விரியனிடமிருந்து பிழைத்து வந்தவர் நீங்கள். உங்களுக்கு நான் தைரியம் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கு வலியில்லை, வீக்கமில்லை, மூத்திரம் தாராளமாகப் போகிறது. அதனால் ஒன்றுமில்லை என்று தோன்றுவது இயல்பு. திறன் 65 இருக்கும்போது யாருக்கும் எதுவும் தெரியாது, 20-க்கு வந்த பிறகுதான் உடம்பு பேச ஆரம்பிக்கும். புரதம் ஒழுகுகிற சர்க்கரைக்காரர்களில் பலர் டயாலிசிஸுக்குப் போகும் முன்பே மாரடைப்பில் போய்விடுகிறார்கள் என்பதையும் மறைக்கப் போவதில்லை. சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக்குழாயைக் கெடுக்கும் அதே கேடுதான் இதயத்தின் ரத்தக்குழாயையும் பிடிக்கிறது. பீடி, சுருட்டு ஏதாவது ஒளித்துப் பிடித்தால் அம்மாவிடம் சொல்ல வேண்டாம், விட்டுவிட்டால் போதும். மாத்திரை பிடிக்கவில்லை என்றால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் போய்ச் சண்டை போடுங்கள். கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, மூத்திரம் குறைந்தாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் உடனே போங்கள்.

அம்மா, நாலாவது ரிப்போர்ட் வந்ததும் அதையும் அனுப்புங்கள். பொட்டாசியம் அதில் இருக்கட்டும். மகனிடம் சிவப்புப் பேனாவைக் கொடுத்து, இந்த முறை கீழே இருக்கும் வரிக்கும் ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள்.